சட்டியில் ஊறிய பாடம்



இரவில் இஷாத் தொழுகை முடிந்து, பிள்ளைகளுக்குப் பாய் விரித்த பின்பு, எங்கள் உம்மம்மா மீண்டும் ஒருமுறை அடுப்பங்கரைக்குப் போவார்கள். மண்சட்டியில் இரண்டு கைப்பிடி மொச்சையோ கொண்டைக்கடலையோ விழும் ஓசை கேட்கும். அடுத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் ஓசை. இந்த இரண்டு ஓசைகளும் கேட்டுவிட்டால், நாளைய சோற்றுக்குக் கவலையில்லை என்று எங்களுக்கு உறக்கம் வந்துவிடும்.

அப்போது எங்கள் வாப்பா சவூதியில் இருந்தார்கள். டிராஃப்ட் வரத் தாமதமாகும் மாதங்களில் கறிக்கடைப் பக்கமே போக முடியாது. ஆயினும் நாங்கள் பசியறியாமல் வளர்ந்தோம் என்றால், அதற்கு அந்த மண்சட்டியே காரணம். 'கறி இல்லை, அதனால் பயறு' என்று உம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை. 'இன்று மொச்சை' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் ஏழ்மையின் சாயல் சிறிதும் இராது.

இந்த மாதம் அந்தச் சட்டியைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். ருசியைப் பற்றிப் பேசுமுன், என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

ஒரு விருந்தும் ஒரு கேள்வியும்

என் மூத்த மகள் மணமுடித்துச் சென்னையில் குடியிருக்கிறாள். சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒருநாள், அவள் வீட்டுக்கு மருமகனின் உறவினர்கள் விருந்துக்கு வந்தார்கள். கோழி ஆணத்தோடு புதுமையாக ஏதேனும் செய்யலாம் என்று கடையிலிருந்து சிவப்பு ராஜ்மா வாங்கி வந்திருக்கிறாள். நேரம் போதவில்லை. ஒரு மணி நேரம் மட்டும் ஊறவைத்தாள். சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்ததால், குக்கரில் வைக்காமல் பாத்திரத்தில் ஊறிய தண்ணீரோடு ஏற்றிச் சிறு தீயில் வைத்துவிட்டாள். பயறு முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பரிமாறினாள். 'கடித்தால் கொஞ்சம் நறுக்கென்று இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது' என்று எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்திற்குள் ஒருவர் பின் ஒருவராக வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். ராஜ்மாவை அதிகம் சாப்பிட்ட நாலு வயதுக் குழந்தை துவண்டே போயிற்று. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோழிதான் கெட்டிருக்கும் என்று எல்லாரும் நினைத்திருக்க, கோழியைத் தொடாதவர்களுக்கும் வாந்தி இருப்பதை அறிந்த மருத்துவர், "பயறு சரியாக வெந்ததா?" என்று கேட்டாராம். அல்ஹம்துலில்லாஹ்! விடிவதற்குள் அனைவரும் தேறிவிட்டார்கள்.

மறுநாள் என் மகள் தொலைபேசியில் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "உம்மா! ராத்திரியே ஊறவை என்றீர்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டு என்றீர்கள், முதலில் கொதிக்கவிடு என்றீர்கள். ஏன் என்று ஒருநாளும் சொல்லவில்லையே! தண்ணீரைக் கொட்டினால் சத்துப் போய்விடாதா என்று சின்ன வயதில் நான் கேட்டபோது, 'பெரியவர்கள் சொன்னால் செய்' என்றுதானே சொன்னீர்கள்?"

சகோதரிகளே! நான் மதரஸாவில் பாடம் நடத்துகிறவள். ஒரு சட்டத்தைச் சொன்னால் அதன் ஆதாரம் என்ன, காரணம் என்ன என்று மாணவிகளைக் கேட்டுக் கேட்டுத் துளைக்கிறவள். அப்படிப்பட்ட நான் என் அடுப்பங்கரையில் காரணம் இல்லாத கட்டளைகளை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காரணம் தெரியாத கட்டளை, நேரம் நெருக்கும்போது முதலில் கைவிடப்படும். அதுதான் அன்று நடந்தது.

அன்று முதல் உம்மம்மா சொன்ன ஒவ்வொரு விதிக்கும் காரணம் தேடத் தொடங்கினேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இஷாவுக்கு ஊறவை, சுப்ஹுக்குத் தண்ணீரைக் கொட்டு

உம்மம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. தொழுகை நேரங்களே அவர்களுடைய கடிகாரம். இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஒன்பது மணி நேரம். மொச்சை, கொண்டைக்கடலை, ராஜ்மா போன்ற பெரிய பயறுகள் ஊறுவதற்குத் தேவைப்படும் நேரமும் அதுவே. நன்றாக ஊறிய பயறு உட்புறம் வரை ஒரே சீராக வேகும். ஊறாத பயறு வெளியே குழைந்து, உள்ளே கல்லாக நிற்கும்.

ஊறிய தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும்? பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் என்ற சர்க்கரை வகைகள் இருக்கின்றன. அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. எனவே அவை பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறும் தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது. 'மொச்சை வாய்வு' என்று அஞ்சுகிறவர்கள் தண்ணீரைக் கொட்டிப் பழகினாலே பாதி அச்சம் தீரும். தண்ணீரோடு சிறிது சத்தும் போகும் என்பது உண்மையே. என் மகள் அன்று கேட்டது தவறான கேள்வியன்று. ஆனால் போகும் சத்து சிறிது, வயிற்றுக்குக் கிடைக்கும் நன்மை பெரிது என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வெயில் காலத்தில் ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். குளிர்பெட்டி இருந்தால் அதில் வைத்துவிடுங்கள். ஊறும்போது மிதக்கும் பயறுகளை அரித்து எறியுங்கள். வண்டு துளைத்து உள்ளே கூடாகிப்போன பயறுகளே பெரும்பாலும் மேலே மிதக்கும்.

முதலில் பெருங்கொதி, பிறகு சிறு தீ

இந்த விதிதான் அன்று எங்களைக் காட்டிக்கொடுத்தது.

ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்னும் புரத வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இயற்கையாகவே மிகுதியாக உள்ளது. வேகாத பயறு நாலைந்து உண்டாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் தொடங்கும். கொதிநிலையில் இந்த நச்சு அழிந்துவிடும். ஆனால் கொதிக்காமல் வெறும் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அழியாது. எண்பது டிகிரி சூட்டில் வைத்த பயறு பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை நச்சு மிகுந்ததாகலாம் என்று ஆய்ந்தவர்கள் கூறுகிறார்கள். சிறு தீயில் வைத்துச் சிக்கனம் செய்ததுதான் என் மகள் வீட்டில் தீங்காக முடிந்தது.

ஆகவே ராஜ்மாவை ஐந்து மணி நேரத்திற்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். முப்பது நிமிடம் கொதிக்கவிடுவது இன்னும் நலம். அதன்பின் தீயைத் தணித்துப் பூப்போல வேகவைக்கலாம். பிரஷர் குக்கரில் சூடு ஏறத்தாழ நூற்றிருபது டிகிரி வரை ஏறும். எனவே ஊறிய ராஜ்மாவைக் குக்கரில் நன்கு வேகவைத்தால் அச்சமில்லை. மின்சாரத்தில் மெல்ல வேகவைக்கும் பாத்திரங்களில் மட்டும் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது.

மொச்சைக்கும் இந்த விதி பொருந்தும். மொச்சையின் சில வகைகளில், அதிலும் கறுத்த விதைகளில், சயனைடு சார்ந்த பொருள் சிறிதளவு உண்டு. ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மூடாமல் கொதிக்கவிடும்போது அது நீங்குகிறது. 'முதல் கொதியில் மூடி போடாதே' என்று உம்மம்மா சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்!

குக்கரில் வைப்பவர்கள் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பயறு பொங்கும் நுரையும் உதிரும் தோலும் ஆவிக்குழாயை அடைத்துவிடும்.

புளி பிந்தி, நல்ல தண்ணீர் முந்தி

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அது. சோறாக்கவும் பயறு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீர். அந்தக் குடத்தைச் சுமந்து வரும்போது, 'பயறுக்கு இத்தனை ராஜமரியாதையா!' என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. இன்று காரணம் தெரிகிறது. பயறின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைந்தால்தான் பயறு மெத்தென்று ஆகும். உப்புநீர்க் கிணறுகளில் மிகுந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையை இறுக்கிவிடுகிறது. மழைநீர் சேரும் ஊருணியில் அது குறைவு.

புளியும் தக்காளியும் அவ்வாறே. புளிப்பு இருக்கும் இடத்தில் அந்தப் பசை கரைவதில்லை. பயறு முழுதும் வெந்த பிறகே புளிக்கரைசல் ஊற்ற வேண்டும். முந்திக்கொண்டு ஊற்றிவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் பயறு இறங்கி வராது.

வேகாத பயறுக்கு ஆப்பச் சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பயறு விரைவில் வெந்துவிடும்தான். ஆனால் வைட்டமின் பி1 அழிந்துபோகும். கூடுதலாக விழுந்துவிட்டால் சவர்க்காரச் சுவையும் வரும். பயறு வேகாததற்குப் பெரும்பாலும் காரணம் அதன் வயதே. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு கெட்டிப்பட்டுவிடும். ஆறு மாதத்திற்கு வேண்டியதை வாங்கி அடுக்காமல், மாதத்திற்கு வேண்டியதை வாங்குங்கள். நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியபின் டப்பாவில் அடைத்து, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். வண்டுக்காக இரண்டு காய்ந்த மிளகாயோ உலர்ந்த வேப்பிலையோ போட்டுவைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

உம்மம்மா தவறிய இடம்

காரணம் தேடிப் போனால் ஒன்றுக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். பெரியவர்கள் சொன்ன எல்லாம் சரியாக இருந்துவிடாது.

'உப்பை முதலில் போட்டால் பயறு வேகாது' என்பது உம்மம்மாவின் உறுதியான வாக்கு. எங்கள் மதரஸாவின் பெரிய மாணவிகளோடு ஒருநாள் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே மொச்சையை இரண்டு பாத்திரங்களில் ஊறவைத்தோம். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றொன்றில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. காலையில் இரண்டையும் கழுவி, தனித்தனியே ஒரே நேரம் வேகவைத்தோம். உப்பில் ஊறியதுதான் தோல் வெடிக்காமல் முந்தி மெத்தென்று வெந்தது! உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இடம்பெயர்த்து, தோலை இளக்குகிறது என்பதே விளக்கம்.

"அப்படியானால் உங்கள் உம்மம்மா சொன்னது தவறா?" என்று ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆம், இது ஒன்று தவறு. மற்றவை சரி. எது சரி, எது தவறு என்று பிரித்தறிய நமக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்" என்றேன். அப்படிச் சொன்னதால் உம்மம்மா மீதுள்ள மதிப்பு எனக்குக் குறையவில்லை. மாணவிகளுக்குக் கூடியது என்றே நினைக்கிறேன்.

பழகிய பயறும் புதிய பயறும்

இன்னொன்றும் விளங்கியது. உம்மம்மாவின் விதிகள் அவர்கள் அறிந்த பயறுகளுக்காக உண்டானவை. கொள்ளும் அவரையும் தமிழ் மண்ணில் மிகப் பழைமையானவை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் வரகு, தினையோடு இவ்விரண்டையும் உணவாக எண்ணுகிறார். மொச்சை அந்த அவரையின் இனமே. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம் பெண்களின் கைகள் இவற்றை அறிந்திருக்கின்றன.

ராஜ்மாவோ அமெரிக்கக் கண்டத்துப் பயறு. கொலம்பஸ் 1492இல் அங்குச் சென்ற பிறகே மற்ற நாடுகளுக்குப் பரவிற்று. எங்கள் கரையோர வீடுகளில் அது நேற்று வந்த விருந்தாளி. புதிய விருந்தாளியின் குணத்தைக் கேட்டறிந்துதானே வீட்டுக்குள் அழைக்க வேண்டும்?

வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரர்கள் 'ஃபூல்' என்னும் பெரிய பயறை விரும்பி வாங்கி வருகிறார்கள். எகிப்தியர்கள் இதை இரவெல்லாம் தணலில் வேகவைத்துக் காலையில் ரொட்டியோடு உண்பார்கள். நல்ல உணவுதான். ஆயினும், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு இந்தப் பயறு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஆபத்தை உண்டாக்கும். அத்தகைய குழந்தை உள்ள வீட்டில் இதைச் சமைக்கவே கூடாது.

மொச்சை கருவாட்டு ஆணம்

இத்தனை சொல்லிவிட்டு அடுப்பு மூட்டாமல் முடித்தால் நீங்கள் விடுவீர்களா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிடும். அந்த நாட்களுக்கென்றே அமைந்தது இந்த ஆணம்.

இரவு இஷாவுக்குப் பின் 200 கிராம் உலர்ந்த மொச்சையை உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். சுப்ஹுக்குப் பின் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை கழுவுங்கள். சமைக்கும்போது புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையை அள்ளி எறியுங்கள். பின்பு சட்டியில் என்றால் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம், குக்கரில் என்றால் நாலைந்து விசில். இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு மொச்சையை அழுத்தினால் வெண்ணெய் போல நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இன்னும் வேகவிடுங்கள். இதில் அவசரம் ஆகாது.

நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி காயவைத்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்குங்கள். மிளகாய்த்தூள் இரண்டு, மல்லித்தூள் மூன்று, மஞ்சள்தூள் அரை என்று தேக்கரண்டி அளவில் சேர்த்துப் பிரட்டி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். பச்சை வாடை போனதும் வெந்த மொச்சையையும், நான்காக வகிர்ந்த கத்தரிக்காய் நான்கையும் போடுங்கள். கத்தரிக்காய் வெந்தபின், வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மண்போகக் கழுவிய நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி. ஏழெட்டு நிமிடம் கழித்து, அரைமூடித் தேங்காயைச் சீரகத்தோடு அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கருவாட்டில் உப்பு இருப்பதால் ருசி பார்த்தே உப்புப் போட வேண்டும். காலையில் ஆக்கி மதியம் உண்டால் சுவை இன்னும் கூடும்.

இதைச் சோற்றோடு உண்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நூறு கிராம் உலர்பயறில் ஏறத்தாழ இருபது முதல் இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கிறது. பயறிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்கள் துணை செய்யும். உணவு முடிந்த கையோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும். சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். இரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இது மிகவும் வேண்டிய பழக்கம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகக் கோடிட்டு, இடப்பக்கம் 'எப்படி', வலப்பக்கம் 'ஏன்' என்று என் மகள் எழுதியிருக்கிறாள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் சொல்ல, அவள் எழுதுகிறாள். வலப்பக்கத்தில் எழுதக் காரணம் கிடைக்காவிட்டால் வெற்றிடம் விட்டுவிடுகிறோம். எங்கள் உம்மாவுக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. அந்த வெற்றிடங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் போய் உட்காருகிறோம். சிலவற்றுக்குப் பதில் சொல்கிறார்கள். சிலவற்றுக்குச் சிரிக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு மூதாட்டி இருப்பார்கள். அவர்களிடம் எப்படிச் சமைப்பது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்றும் கேளுங்கள். உங்கள் மகளோ மருமகளோ 'ஏன்' என்று கேட்டால், அதை எதிர்ப்பேச்சு என்று எண்ணி அடக்கிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், 'தேடிச் சொல்கிறேன் மகளே' என்று சொல்லுங்கள். நான் அன்று அப்படிச் சொல்லியிருந்தால், அந்த நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடியிருக்க வேண்டியதில்லை.

இன்றிரவு இஷாவுக்குப் பின் உங்கள் சட்டியிலும் பயறு விழட்டும். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே உங்கள் பிள்ளைகள் உறங்கட்டும்.